எழுத்து தெரியவில்லை, பட்டன் காணோம், போன் பேசிக்கொண்டே இருக்கிறது: குறைபார்வை உள்ளவர்களுக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

குறைபார்வை உள்ளவர்களின் போனையும் கணினியையும் பார்த்துக் கொடுக்கும்போது திரும்பத் திரும்ப வருவது ஒரே சில சிக்கல்கள்தான். பெரும்பாலும் போன் கெட்டிருக்காது. உதவுகிறேன் என்று யாரோ நான்கைந்து வசதிகளை ஒரே மூச்சில் போட்டுவிட்டிருப்பார்கள். அவை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் இங்கே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள், மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகச் சோதியுங்கள், சரியானதும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கை வைக்கும் முன்

திரையைத் துடையுங்கள். மூக்குக்கண்ணாடியையும் துடையுங்கள். சிரிக்க வேண்டாம், "போன் மங்கிவிட்டது" என்று வரும் புகார்களில் கணிசமானவை இங்கேயே முடிந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றும் முன் அந்த அமைப்பு எந்த அளவில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கீழே சொல்பவை எல்லாம் செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளே' அல்லது 'அக்சஸிபிலிட்டி' பகுதியில் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயரும் இடமும் மாறுவதால், செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் தேடுவதே சுருக்கு வழி.

## "எழுத்தைப் பெரிதாக்கினேன், இந்தச் செயலியில் மட்டும் மாறவில்லை"

செயலியை முழுதாக மூடித் திறந்து பாருங்கள். பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் சில செயலிகள் பழைய அளவையே பிடித்துக்கொண்டிருக்கும்.

மாறவில்லை என்றால், செயலிக்குள்ளேயே தனி அளவு இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ் வழியே போனால் எழுத்தளவு இருக்கிறது. டெலிகிராமிலும் சாட் செட்டிங்ஸில் செய்தி எழுத்துக்குத் தனி அளவுகோல் உண்டு.

ஐபோனில் ஓரளவுக்கு மேல் பெரிதாகவில்லை என்றால், டிஸ்ப்ளே பகுதியில் உள்ள அளவுகோலோடு நின்றுவிட்டீர்கள். அக்சஸிபிலிட்டிக்குள் 'லார்ஜர் டெக்ஸ்ட்' என்று இன்னொன்று இருக்கிறது. அதன் சுவிட்சைப் போட்டால்தான் அளவுகோல் நீளும்.

தலைப்பு மட்டும் பெரிதாகவில்லை என்றால் அது பிழையல்ல. ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 சதவீதம் வரை கூட்டலாம். ஆனால் ஏற்கெனவே பெரிதாக உள்ள எழுத்து அதே விகிதத்தில் வளராது. சிறிய எழுத்து வளர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இணையப் பக்கத்தில் இரு விரலை விரித்தும் பெரிதாகவில்லை என்றால், அந்தத் தளம் பெரிதாக்குவதைத் தடுத்து வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு குரோமின் செட்டிங்ஸில், அக்சஸிபிலிட்டியில், 'ஃபோர்ஸ் எனேபிள் ஜூம்' என்பதைப் போட்டால் தடை போய்விடும். குறைபார்வை உள்ள யார் போனைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் போட்டுவிடுவது இதைத்தான். இதனால் யாருக்கும் தொந்தரவு வந்து பார்த்ததில்லை.

எழுத்து ஒரு படத்துக்குள் இருந்தால் எந்த எழுத்தளவும் அதைத் தொடாது. ஃபார்வர்டில் வரும் அறிவிப்புகள், வாழ்த்து அட்டைகள், அழைப்பிதழ்கள் எல்லாம் இந்த வகை. படத்தைக் கூகுள் லென்ஸில் திறந்து எழுத்தைத் தனியே எடுக்கலாம். தமிழும் வரும், அலங்கார எழுத்தில் மட்டும் தடுமாறும்.

இவ்வளவுக்கும் மசியாத செயலிகள் உண்டு. அங்கே திரைப் பெரிதாக்கிதான் வழி. ஆண்ட்ராய்டில் 'மேக்னிஃபிகேஷன்', ஐபோனில் 'ஜூம்'. ஆண்ட்ராய்டில் மூன்று முறை தட்டுவதையோ ஓரத்து பட்டனையோ குறுக்குவழியாகத் தேர்ந்துகொள்ளலாம். நகர்த்த இரு விரல். ஐபோனில் மூன்று விரலால் இருமுறை தட்ட வேண்டும். நகர்த்தவும் மூன்று விரல்.

## "பெரிதாக்கியபின் 'அடுத்து' பட்டனே காணோம்"

பணம் அனுப்பும்போதும் படிவம் நிரப்பும்போதும் அதிகம் அடிபடுவது இதில்தான். எழுத்து பெரிதானதும் உள்ளடக்கம் கீழே தள்ளப்படுகிறது. பட்டன் திரைக்கு வெளியே போய்விடுகிறது, அல்லது இரண்டு பட்டன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன.

1. விசைப்பலகை திறந்திருந்தால் மூடுங்கள். பாதித் திரையை அதுவே அடைத்துக்கொண்டிருக்கும், பட்டன் அதன் பின்னால் இருக்கும்.
2. திரையின் நடுவில் விரலை வைத்து மெல்ல மேலே தள்ளுங்கள். உருளும் என்று காட்டும் ஓரக்கோடு குறைபார்வைக்குத் தெரியாது; ஆகவே உருளாது என்று முடிவு கட்டும் முன் ஒருமுறை தள்ளிப் பார்ப்பது நல்லது.
3. போனைப் படுக்கைவாட்டில் திருப்புங்கள். சில செயலிகளில் திரும்பாது.
4. இங்கேதான் பலர் எழுத்தளவைக் குறைத்துவிடுகிறார்கள். அதைத் தொடாதீர்கள். ஆண்ட்ராய்டில் 'டிஸ்ப்ளே சைஸ்' என்ற வேறொரு அளவு உண்டு; அது எழுத்தோடு ஐகான், இடைவெளி எல்லாவற்றையும் சேர்த்து ஊதிவிடும். அதை ஒரு படி குறைத்தால் பெரும்பாலும் பட்டன் திரும்பி வரும், எழுத்தும் வாசிக்கும் அளவில் நிற்கும். ஐபோனில் இதற்கு இணையானது 'டிஸ்ப்ளே ஜூம்'.
5. ஐபோன் என்றால், அக்சஸிபிலிட்டியின் அடிப்பகுதியில் உள்ள 'பெர்-ஆப் செட்டிங்ஸ்' வழியே சிக்கல் தரும் அந்த ஒரு செயலிக்கு மட்டும் எழுத்தைக் குறைக்கலாம். ஐஓஎஸ் 15 முதல் இந்த வசதி இருக்கிறது. மற்றச் செயலிகள் பெரிதாகவே இருக்கும்.
6. எதுவும் ஆகவில்லை என்றால், அந்தச் செயலியைத் திறக்கும்போது மட்டும் எழுத்தை நடுத்தர அளவுக்கு இறக்கி, திரைப் பெரிதாக்கியைக் கொண்டு பார்ப்பது. அலுப்பான வேலைதான், ஆனால் பணம் போகும் இடத்தில் குத்துமதிப்பாகத் தட்டுவதைவிட மேல்.

என் கணிப்பில், எழுத்தளவும் டிஸ்ப்ளே அளவும் இரண்டும் உச்சத்தில் இருக்கும் போன்தான் அதிகம் பழுதாகும் போன். வாசிக்கப் போதுமான மிகக் குறைந்த அளவில் நிறுத்துங்கள். நீளமானதைப் போனையே வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்கலாம், வழி கீழே இருக்கிறது.

எப்போது வெளியாரிடம் போவது? ஆறாவது படியிலும் பட்டன் வரவில்லை என்றால் குற்றம் செயலியை எழுதியவர்களுடையது. செயலியின் உதவிப் பக்கத்தில் எழுதுங்கள். "தெரியவில்லை" என்று மட்டும் எழுதினால் பொதுவாக ஒரு பதிலும் வராது. போன் மாடல், ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் பதிப்பு, செயலியின் பதிப்பு, எழுத்தளவு எத்தனையில், எந்தத் திரையில் எந்தப் பட்டன் மறைகிறது, இவற்றோடு ஒரு ஸ்கிரீன்ஷாட். இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி, எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் உள்ளடக்கமோ செயல்பாடோ இழக்கப்படக் கூடாது என்கிறது. அந்த ஒரு வரியையும் சேர்த்தால் கடிதம் சரியான மேசைக்குப் போக வாய்ப்பு அதிகம்.

## "திடீரென்று எல்லாம் பூதாகரமாகிவிட்டது, திரையில் ஒரு மூலைதான் தெரிகிறது"

பையில் கிடக்கும்போதோ குழந்தை கையிலோ பெரிதாக்கி தானாகப் போட்டுக்கொண்டது. ஐபோனில் மூன்று விரலால் இருமுறை தட்டுங்கள், போய்விடும். ஆண்ட்ராய்டில் எதனால் போட்டீர்களோ அதே குறுக்குவழிதான்: மூன்று தட்டு அல்லது ஓரத்து பட்டன். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் எஸ்கேப் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். இணைய உலாவியில் மட்டும் பெரிதாகியிருந்தால் கன்ட்ரோலும் பூஜ்யமும்.

அடிக்கடி இப்படி ஆகிறது என்றால் மூன்று தட்டுக் குறுக்குவழியை எடுத்துவிட்டு பட்டனுக்கு மாற்றுங்கள். அது இருக்கும்வரை ஒவ்வொரு தட்டலிலும் 'இன்னும் இரண்டு வருமா' என்று போன் ஒரு கணம் காத்திருக்கும். போன் மந்தமாகிவிட்டது என்று புதுப் போன் வாங்கும் யோசனையில் இருந்தவர்களுக்கு இதை மாற்றியதுமே வேகம் திரும்பியிருக்கிறது.

## "எதைத் தொட்டாலும் பேசுகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை"

திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் வசதி ஓடுகிறது: ஆண்ட்ராய்டில் அதன் பெயர் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். பதறி மாற்றி மாற்றித் தட்டுவதால்தான் நிலைமை மோசமாகும். இந்த நிலையில் ஒரு தட்டு என்பது தேர்வு மட்டுமே. திறக்க இருமுறை தட்ட வேண்டும். உருட்ட, டாக்பேக்கில் இரண்டு விரல், வாய்ஸ்ஓவரில் மூன்று.

நிறுத்த:

- ஆண்ட்ராய்டில் ஒலி கூட்டும் பட்டனையும் குறைக்கும் பட்டனையும் சேர்த்து மூன்று விநாடி போல அழுத்திப் பிடியுங்கள்.
- ஐபோனில் பக்கவாட்டு பட்டனை மூன்று முறை. ஹோம் பட்டன் உள்ள பழைய மாடல்களில் அதை மூன்று முறை.
- குறுக்குவழி அமைக்கப்படவில்லை என்றால், குரல் உதவியாளரிடம் டாக்பேக்கை அல்லது வாய்ஸ்ஓவரை நிறுத்தச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொன்னால் உடனே பிடித்துக்கொள்ளும்.
- அதுவும் இல்லை என்றால், மேலே சொன்ன தட்டு முறையிலேயே செட்டிங்ஸ் வரை போய் அணைக்க வேண்டும்.

குரல் வருகிறது, ஆனால் திரை முழுக்கக் கறுப்பு என்றால் டிஸ்ப்ளே போய்விட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள். முழுப் பார்வையற்றவர்களின் அந்தரங்கத்தைக் காக்கத் திரையை மறைக்கும் வசதி இவற்றில் உண்டு. வாய்ஸ்ஓவரில் மூன்று விரலால் மும்முறை தட்டினால் திரை திரும்பும். ஜூமும் ஓடிக்கொண்டிருந்தால் நான்கு முறை. டாக்பேக்கில் என்றால் டாக்பேக்கையே அணைத்துப் பாருங்கள். அதன் பிறகும் கறுப்பாகவே இருந்தால்தான் கடை.

## "தமிழை வாசிக்காமல் தாண்டுகிறது, அல்லது ஏதோ உளறுகிறது"

இரண்டும் வேறு வேறு நோய்.

தாண்டிப் போகிறது என்றால் தமிழ்க் குரல் போனில் இல்லை, அல்லது தேர்வாகவில்லை. ஆண்ட்ராய்டில் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' அமைப்புக்குப் போய் எந்த எஞ்சின் (எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள்) தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். போன் கம்பெனியின் சொந்த எஞ்சினாக இருந்தால் கூகுளுடையதற்கு மாற்றி, தமிழ்க் குரல் தரவை இறக்குங்கள். வைஃபையில் இறக்குவது நல்லது. பாதியில் நின்ற இறக்கமும் இதே அறிகுறியைத் தரும். ஐபோனில் அக்சஸிபிலிட்டியில் குரல்கள் பட்டியலில் தமிழைச் சேர்க்க வேண்டும். இல்லை என்று காட்டினால் ஐஓஎஸ்ஸைப் புதுப்பியுங்கள்.

ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும் உளறுகிறது என்றால், அந்தக் கோப்பு யூனிகோடு இல்லை, அதாவது எல்லாக் கருவிகளும் தமிழ் என்று அடையாளம் காணும் பொது எழுத்துமுறையில் இல்லை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது பாமினி போன்ற பழைய எழுத்துரு. போன் பார்ப்பது ஆங்கில எழுத்துகளின் வரிசையை மட்டும். சோதிக்க எளிய வழி: ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். குப்பையாக ஒட்டினால் இதுதான். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் யூனிகோடு மாற்றி ஒன்றில் போட்டு எடுக்கலாம். தெரியாவிட்டால் பிடிஎஃப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸால் திறங்கள். அது பெரும்பாலும் படத்தைப் படிப்பதுபோலப் படித்து யூனிகோடு தமிழாக மாற்றித் தரும். ஒற்றெழுத்துப் புள்ளிகள் அங்கங்கே உதிர்ந்திருக்கும், காதால் கேட்க அது பெரிய தடையில்லை.

ஒரு சொல்லும் வரவில்லை, நகலெடுக்கவும் முடியவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த பக்கம். மேலே சொன்ன டிரைவ் வழியே இதற்கும். கோப்பை அனுப்பியவரிடம் மூல வேர்ட் கோப்பைக் கேட்டுவிடுவது இதைவிட வேகம். கேட்கத் தயங்க வேண்டாம்.

டாக்பேக் முழுதாகத் தேவைப்படாதவர்களுக்கு: ஆண்ட்ராய்டில் 'செலக்ட் டு ஸ்பீக்', ஐபோனில் 'ஸ்பீக் ஸ்கிரீன்'. வேண்டியபோது மட்டும் வாசிக்கும், தட்டும் முறை மாறாது. குறைபார்வைக்கு நான் முதலில் அறிமுகம் செய்வது இவற்றைத்தான்.

## "எழுத்து பெரிதுதான், ஆனால் சாம்பலாக இருக்கிறது"

முதலில் திரைமேல் ஒட்டியிருக்கும் கண்ணாடியைப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் பார்க்காமல் தடுக்கும் 'பிரைவசி' வகை வெளிச்சத்தைக் குறைத்துவிடும். குறைபார்வைக்கு அது ஆகாது, உரித்துவிடுங்கள்.

அடுத்து தானியங்கி வெளிச்சம், பேட்டரி சேமிப்பு, ஆண்ட்ராய்டின் 'எக்ஸ்ட்ரா டிம்', ஐபோனின் 'ரெட்யூஸ் ஒயிட் பாயிண்ட்'. இவற்றில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம். வெயிலில் போன் சூடேறினால் தானாகவே மங்கும்; ஆறியதும் சரியாகும்.

வெளிச்சம் சரியாக இருந்தும் எழுத்து பின்னணியில் கரைந்தால் மாறுபாடு போதவில்லை. ஆண்ட்ராய்டில் 'ஹை கான்ட்ராஸ்ட் டெக்ஸ்ட்', ஐபோனில் 'இன்க்ரீஸ் கான்ட்ராஸ்ட்'. தடித்த எழுத்தும் உதவும். ஆனால் தமிழுக்கு ஓர் எச்சரிக்கை: சிறிய அளவில் தடித்தால் ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு ண எது ன எது என்று குழப்பும். முதலில் அளவு, அப்புறம் தடிமன்.

டார்க் மோடு போட்டபின் எழுத்து ஒளிர்ந்து கசிகிறது என்றால் அது உங்களுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். கூசும் கண்ணுக்குக் கறுப்புப் பின்னணி இதம். உருச்சிதைவுப் பார்வை (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்களுக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து ஒளிவட்டம் கட்டிவிடும். எல்லோருக்கும் டார்க் மோடு நல்லது என்ற பேச்சை நம்ப வேண்டாம். முகங்கள் நெகட்டிவ் போலத் தெரிந்தால் நிறத் தலைகீழாக்கம் ஓடுகிறது. ஐபோனில் 'ஸ்மார்ட் இன்வர்ட்'டுக்கு மாற்றினால் பெரும்பாலான படங்கள் தப்பிக்கும்.

## "ஓடிபி படிப்பதற்குள் மறைந்துவிடுகிறது"

ஆண்ட்ராய்டு அக்சஸிபிலிட்டியில் 'டைம் டு டேக் ஆக்ஷன்' என்பதை 2 நிமிடம் வரை கூட்டலாம். எல்லாச் செயலியும் இதை மதிக்காது. ஐபோனில் மெசேஜஸ் செயலியின் அறிவிப்பை 'பெர்சிஸ்டன்ட்' ஆக்குங்கள். நீங்கள் தள்ளும்வரை நிற்கும். விசைப்பலகையின் மேலேயே எண் தோன்றினால் அதைத் தட்டிவிடுங்கள், படிக்கவே தேவையில்லை.

கேப்சா படம் தெரியவில்லை என்றால் பக்கத்தில் காது அல்லது ஒலிபெருக்கி வடிவில் ஒலி வடிவம் இருக்கும்.

வங்கிச் செயலி "வேறு செயலி திரையைப் பார்க்கிறது" என்று சொல்லித் திறக்க மறுத்தால், வெளியிலிருந்து நிறுவிய பெரிதாக்கி அல்லது வாசிப்புச் செயலியை அணைத்துவிட்டு, போனுடன் வந்ததைப் பயன்படுத்துங்கள். இதைச் சரிசெய்கிறேன் என்று யாராவது போனில் அழைத்துத் திரைப் பகிர்வுச் செயலியை நிறுவச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள். ஓடிபியையும் யாரிடமும் வாசித்துக் காட்டச் சொல்லாதீர்கள். அதற்குத்தான் 'செலக்ட் டு ஸ்பீக்', காதில் இயர்போனோடு.

## கணினியில்

எழுத்து பெரிதாக இருந்தும் ஓரம் பிசிறாக இருந்தால் யாரோ ரெசல்யூஷனைக் குறைத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். 'ரெக்கமண்டட்' என்று எழுதியிருப்பதற்கே திருப்பி வையுங்கள்; பெரிதாக்க 'ஸ்கேல்' இருக்கிறது, எழுத்துக்கு மட்டும் 225 சதவீதம் வரை தனி அளவுகோல் இருக்கிறது. ஒரே ஒரு பழைய மென்பொருள் மட்டும் பிசிறடித்தால், அதன் ஐகானில் வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டிக்குள் 'ஹை டிபிஐ' அமைப்பை மாற்றிப் பாருங்கள்.

வேர்டில் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடினால் வியூவில் 'வெப் லேஅவுட்'. வரி திரைக்குள் மடங்கும். வாசிக்க வசதிக்காக எழுத்தை 28 புள்ளிக்கு மாற்றாதீர்கள், அச்சிலும் அதே அளவில்தான் வரும்.

சுட்டி தொலைந்துபோனால் அதன் அளவையும் நிறத்தையும் மாற்றலாம். தட்டச்சும் இடத்தைக் காட்ட 'டெக்ஸ்ட் கர்சர் இண்டிகேட்டர்' தனியே உண்டு.

திரை முழுக்கக் கறுப்பும் விசித்திர நிறமுமாக மாறினால் இடது ஆல்ட், இடது ஷிப்ட், பிரிண்ட் ஸ்கிரீன் மூன்றும் தெரியாமல் அழுந்தியிருக்கலாம். அதையே மறுபடி அழுத்துங்கள்.

## "என்ன செய்தும் போதவில்லை"

இப்போது கேள்வி, பழுது திரையிலா கண்ணிலா என்பது. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு போனுக்கு அனுப்பிப் பாருங்கள். கோடோ கறையோ உங்கள் போனில் மட்டும் தெரிந்து அங்கே தெரியவில்லை என்றால் திரைப் பலகை பழுது. கடைக்குப் போங்கள். கொடுக்கும் முன் "ரீசெட் செய்யாதீர்கள்" என்று சொல்லிக் கொடுங்கள். செய்தால் அமைத்த வசதிகள் அத்தனையும் போய்விடும்.

இரண்டு போனிலும் ஒரே மாதிரி தெரிந்தால், ஒவ்வொரு கண்ணாக மூடிக் கதவுச் சட்டத்தைப் பாருங்கள். நேர்க்கோடு வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால் தாமதிக்காமல் கண் மருத்துவரைப் பாருங்கள். மின்னல் வெட்டுவதுபோல ஒளி, திடீரென்று கூட்டமாக மிதக்கும் புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை விழுவதுபோன்ற நிழல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

திடீர் மாற்றம் இல்லை, ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை எழுத்தளவை ஒரு படி கூட்ட வேண்டியிருக்கிறது என்றால் அதுவும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்திதான். போகும்போது போனை எடுத்துப் போங்கள். வழக்கமாக எந்தத் தூரத்தில் பிடிப்பீர்களோ அங்கேயே பிடித்துக் காட்டுங்கள், கணினித் திரை எவ்வளவு தள்ளி, எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் அளந்து சொல்லுங்கள். வாசிப்புக் கண்ணாடி ஒரு குறிப்பிட்ட தூரத்துக்காகச் செய்யப்படுவது. அந்தத் தூரம் தெரியாமல் எழுதிய எண் கணினிக்கு உதவாது. குறைபார்வைக்கான தனிப் பிரிவு அங்கே இருக்கிறதா என்றும் கேளுங்கள். உருப்பெருக்கிகளைக் கையில் கொடுத்துப் பார்க்க வைப்பது அந்தப் பிரிவில்தான்.